வாலில் எழுதிய பெயர்

இன்றைக்கு ஒரு விமானமாவது கூடைப்பந்துக் கம்பத்தைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் விமான மாதிரிகள் செய்யும் எங்கள் வகுப்பு நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

நான்கை எறிந்தாயிற்று. நான்கும் மூக்கை நிமிர்த்தி, ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்தன.

“உங்க பிள்ளைங்களுக்கு ஒழுங்கா ஒட்டக்கூடத் தெரியல டீச்சர்,” என்றார் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை.

மாணவிகள் தலை குனிந்தார்கள். ஒட்டியதில் குறையே இல்லை. எல்லா வாலிலும் பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னவர் அவர்தான். அவ்வளவு பெயிண்ட் பூசினால் வால் கனக்கும் என்று தெரிந்தும், “சரிங்க மேடம்” என்று தலையாட்டியவள் நான்.

கடைசி விமானம், தோழிகள் சோடாபுட்டி என்று கூப்பிடும் பெண்ணிடம் இருந்தது. “நாங்க எங்க டீச்சர் தப்பு பண்ணோம்?”

விழுந்த விமானம் ஒன்றை எடுத்து அதன் வாலைக் காட்டினேன். “நீங்க பண்ணல. பெயிண்டால வால் கனமாயிடுச்சு. நான் அன்னிக்கே மேடம்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“ஓ, பழி இப்ப என் தலையிலயா?” தலைமையாசிரியை விறுவிறுவென்று தன் அறையை நோக்கி நடந்தார்.

சோடாபுட்டி இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தாள். வால் தாழ்ந்தது. சமனாகும்வரை மூக்கில் களிமண்ணை அப்பினாள்.

“அவங்க போறாங்கடி, சீக்கிரம் எறி!” என்றாள் ஒரு தோழி.

எறிந்தாள். விமானம் நிமிராமல் நேராகப் போனது.

“மேடம்! திரும்பிப் பாருங்க மேடம்!” வகுப்பின் கடைசி வரிசைக்கே எட்டாத என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

அவர் திரும்பியபோது விமானம் கம்பத்துக்கு அப்பால் தரையில் கிடந்தது.

“அதுவும் விழுந்தாச்சா?” என்றார்.