எண்களே இல்லாத அகராதி

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. பதிப்பாசிரியர் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அந்த இருவரும் அண்ணன் தங்கை. வாதாட ஆரம்பித்தால் மின்விசிறிகூட நின்று கேட்கும். பிழை திருத்த உட்கார்ந்திருந்த எனக்குத் தினமும் ஓசிக் கச்சேரி.

மற்ற சொற்களெல்லாம் முடிந்து, தகராறான எண்கள் மட்டும் பாக்கி. 'மூன்று' வந்தது.

"பெயர்ச்சொல்னு போடு, வேலை முடிஞ்சுது" என்றார் அண்ணன்.

"'மூன்று பேர்'னா இன்னொரு சொல்லுக்கு அடை மாதிரி நிக்குது. 'மூன்று போதும்'னா தனியா நிக்குது. எண்ணுச்சொல்னு தனி வகையே குடுத்துடலாம்ணா."

"ஊர்ல இல்லாத வகை!"

"ஊர்ல பேசுறதைத்தான் சொல்றேன். உங்க காதுலதான் விழல."

அலுவலகமே ஜன்னல் அதிரச் சிரித்தது. அண்ணனுக்கு முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று.

"நான் கூட்டிட்டு வந்ததாலதான் நீ இங்க உக்காந்திருக்கே. மறந்துடாதே."

சிரிப்பு நின்றது. தங்கை பேனாவை மூடினார், சாப்பாட்டுப் பையை எடுத்தார், போய்விட்டார்.

"கோபம் தணிஞ்சா அவளே வருவா" என்று அண்ணன் வீம்பாகக் காத்திருந்தார். அச்சகம் காத்திருக்குமா? இரண்டு கையெழுத்தும் இருந்த அட்டைகளை மட்டும் அள்ளிப் போய் அடித்துத் தள்ளிவிட்டது. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் புத்தகம். எறும்புக்கு அரைப் பக்கம், ஏப்பத்துக்குக் கால் பக்கம். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, கோடியும் இல்லை! கைக்குழந்தைகள்கூட எங்களைப் பார்த்துச் சிரித்தன என்பேன்.

அடுத்த பதிப்புக்காக அண்ணன் எல்லா எண்களுக்கும் 'எண்ணுச்சொல்' என்றே எழுதிக் கையெழுத்திட்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அந்த அம்மா வாசலிலேயே நின்று, அட்டைகளைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார்.

"நீ சொன்னபடியே போட்டுட்டேன்மா. நாளைக்கு வர்றியா?"

"இதுக்காகவாண்ணா நான் போனேன்?"

அண்ணன் வாயைத் திறந்தார். அத்தனை லட்சம் சொற்களுக்குப் பொருள் எழுதிய மனுஷனுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. மன்னிப்பு என்று ஒன்று அதே புத்தகத்தில்தான் இருந்தது.

தெருமுனையில், "சார், டீ குடிக்கலாமா?" என்றேன்.

"உக்காருங்கண்ணான்னுகூட அவ சொல்லலையேப்பா" என்றார்.