எஃப்.சி.க்கு அடித்த பெயிண்ட்

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டப் போகும் பழைய வண்டிக்கு அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது தாம்பரம் பக்கத்து ஷெட்டுகளில் ஊரறிந்த சமாசாரம். துருவை மறைக்கத்தான் அது என்று அடிக்கிறவனுக்கும் தெரியும், குனிந்து பார்க்கிற அதிகாரிக்கும் தெரியும். ஏகநாதனுக்கு அது போதவில்லை. அவனுடைய பிக்கப் வண்டியில் பிரேக் பைப்பே துருப்பிடித்துக் கிடந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவனிடம் விட்டு மாற்றலாம் என்றான். மனைவி ஜெயக்கொடி கேட்டால்தானே! "எங்கண்ணன் என்னியே ஏமாத்துவாரா?" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டு, வண்டியைத் தன் அண்ணன் அரிகிருஷ்ணன் ஷெட்டுக்கே அனுப்பினாள்.

"பைப்பெல்லாம் புதுசு போட்டுகீறேன். கண்ண மூடிகினு ஓட்டு மச்சான்" என்று வண்டியைத் திருப்பித் தந்தான் அரிகிருஷ்ணன். ஜெயக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே மகள் காமுவுக்குப் பொழிச்சலூர் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அரிகிருஷ்ணன் குடும்பம் முன்னாடியே போய்விட்டது. ஜெயக்கொடி குழந்தையோடு புருஷன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

செம்பாக்கம் ஏரிக்கரை இறக்கத்தில் ஏகநாதன் மிதித்த பிரேக் அடிவரை போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. எதிரே சைக்கிளில் ஒரு குடும்பம். வண்டியை ஒடித்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏற்றினான். ஜெயக்கொடிக்கு நெற்றி கிழிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம்.

ஏகநாதன் அடியில் புகுந்து பைப்பை நகத்தால் சுரண்டினான். பெயிண்ட் உரிந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

"பாரு, அதே பழைய பைப்பு!"

"வேலைக்காரனுங்க இன்னா பண்ணானுங்களோ. அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் ஜெயக்கொடி. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனார்கள். பிரேக் போன கதையைக் கேட்டதும் அரிகிருஷ்ணன் மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ ஜெயா! நாங்களும் உங்ககூடத்தான் வர்றதா இருந்தோம். இவருதான், 'நம்ம புள்ளைங்கள அந்த வண்டில ஏத்தாத, பஸ்ல போலாம்'னு சொல்லி இட்டாந்தாரு."

அவள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். ஜெயக்கொடி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் பிள்ளைகளுக்கு பஸ், என் பிள்ளைக்கு அந்த வண்டியா?

புது வேட்டியில் சம்மணம் போட்டிருந்த அரிகிருஷ்ணன் கையை நீட்டினான். "கொழந்தையக் குடு ஜெயா, நேரமாவுது."

ஜெயக்கொடி அவனைத் தாண்டிப் போய்க் காது குத்த வந்த பத்தர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதுக்கு மாமன் இல்லீங்க. என் மடியிலயே குத்துங்க."