குவளைகளில் மிட்டாய்

யாசீன் அத்தியாயம் ஓத ஆட்கள் வந்து சேர்வதற்குள் கிராம்பை மென்று மென்று நாக்கு மரத்துவிட்டது. கைதான் அடங்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டது, கைலி மடிப்பைத் தொட்டது, தொடையில் தாளம் போட்டது.

அன்று என் மனைவி ரெத்னோவின் நூறாம் நாள்.

எங்கள் ஊர் குடுஸ். கிராம்பு கலந்த சிகரெட் சுற்றித்தான் இந்தத் தெரு சாப்பிடுகிறது. ரெத்னோவும் அவள் அக்கா லஸ்த்ரியும் ஒரே கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியவர்கள். இறந்தவருக்காக ஓதும் வீட்டில் பாய் நடுவே கண்ணாடிக் குவளைகளில் சிகரெட் நிறுத்தி வைக்க வேண்டும். சோறு குறைந்தால்கூட மன்னித்துவிடுவார்கள்.

நான் குவளைகளில் புதினா மிட்டாய் போட்டு வைத்தேன்.

காரணம் என் மகள் கினான். அவளுக்கு மூச்சு இழுப்பு. ரெத்னோ காய்ச்சலில் போன பிறகு, ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குழந்தையின் உதடு நீலமானது. லஸ்த்ரி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

"விட்டுட்டியான்னு நூறாம் நாள் பாக்கறேன் தம்பி. விட்டிருந்தா புள்ள உங்கிட்ட. இல்லைன்னா எங்கிட்டயே வளரட்டும்."

அன்றைக்கே விட்டேன். அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை.

ஓதி முடித்ததும் எல்லாக் கைகளும் பழக்கத்தில் குவளைப் பக்கம் போயின. அப்படியே நின்றன.

முன்னால் இருந்து ஓதிய பெரியவர் துகிரானை மரியாதையாக 'பாக்' என்றுதான் அழைப்போம். அவர் ஒரு மிட்டாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஏம்ப்பா டானாங், எங்களுக்கெல்லாம் இன்னும் பல்லு மொளைக்கலேன்னு நெனச்சியா?"

சிரிப்பு.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க சுத்துறாங்க. நாமளே குடிக்கலேன்னா எப்படி?" என்றது இன்னொரு குரல்.

துகிரான் தன் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். "பிடி. வீட்டுக்காரன் பத்த வெச்சாத்தான் நாங்க பத்த வெக்க முடியும்."

வாங்கிவிட்டேன். விரல்கள் அதை எப்படிப் பிடிப்பது என்று மறக்கவே இல்லை. அவர் லைட்டரைத் தட்டினார். சுடர் முகத்துக்கு முன்னால் காத்திருந்தது. சமையலறைத் திரைக்குப் பின்னால் லஸ்த்ரியின் கால்கள் தெரிந்தன. அவற்றுக்கிடையே இரண்டு சின்னக் கால்கள்.

இந்தத் தெருவில் சிகரெட் கெடுதி என்று சொல்வது, சமைத்துப் போட்டவளிடம் சோறு ஊசிப்போச்சு என்பது போல. அதை வாயால் சொல்லப் பயந்துதான் மிட்டாய் வாங்கினேன்.

"கினானுக்கு இழுப்பு, பாக்," என்றேன். "என் புகையாலதான்."

துகிரான் லைட்டரை மூடினார்.

"இதை வாசல்லயே சொல்றதுக்கென்ன? மிட்டாயக் காட்டி மனுசனக் கொழப்பிக்கிட்டு!" மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "எந்திரிங்கப்பா, தெருவுல போய் ஊதலாம்."

சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "ஓதின வீட்டுல குடுத்தத திரும்ப வாங்க மாட்டேன். வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காதில் செருகினேன். கிளம்பியவர்களுக்குச் சோற்றுப் பொட்டலங்கள் கொடுத்தேன். பாயைச் சுருட்டினேன், திரும்ப விரித்தேன். காது எரிவது போலிருந்தது. அடுப்படியில் தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று தெரியும்.

லஸ்த்ரி குழந்தையோடு வெளியே வந்தாள். "நெசமாவே விட்டியா, இல்ல ஆளுங்களுக்காகச் சொன்னியா? எனக்கு மோந்து பாத்தா தெரியாது. எம்மேலயே நாள் பூரா அந்த வாடைதான்."

"விட்டுட்டேன் அக்கா. ஆனா இப்ப இத எடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் கை நீட்டுவதற்குள் கினான் என் மேல் ஏறிக் காதிலிருந்ததை உருவினாள். மூக்கில் வைத்து மோந்தாள்.

"அம்மா," என்றாள்.

நான் விட முடியாமல் தவித்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. ரெத்னோவின் விரல்கள் எப்போதும் அப்படித்தான் மணக்கும்.

லஸ்த்ரி அதை மெல்ல வாங்கி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். நுனியிலிருந்து தூள் உதிர்ந்தது.

"எவளோ அவசரத்துல சுத்தியிருக்கா. ரெத்னோ சுத்துனது இப்படி உதிராது." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "புள்ளையோட துணி பையில இருக்கு. எடுத்து ஒன் அலமாரியில வை."

எடுத்து வைக்கப் போனேன். வழியில் கை மறுபடியும் காதைத் தொட்டது. அங்கே ஒன்றுமில்லை. கினானைத் தூக்கிக்கொண்டேன், இரண்டு கையாலும்.