எண்பத்தைந்தாம் நம்பர் ஜெட்

லிங்காயத்து வழக்கப்படி ஷடாட்சரியின் உடலை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். சரிந்த கழுத்தைப் பின்னாலிருந்து தாங்கியிருந்த அவர் மனைவி நீலாம்பிகே, வாசலில் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பழைய பைக் கிளப்காரர்கள் குட்டி லாரியிலிருந்து ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். ஹேண்டில் வளைந்திருந்தது. அதற்கும் ஒரு சாமந்தி மாலை.

"இது எதுக்கு இங்க?"

"அவரு கடைசியா ஓட்டின வண்டிம்மா. ஊர்வலத்துல முன்னாடி தள்ளிட்டுப் போலாம்னு எல்லாருக்கும் ஆசை" என்றார் உத்தய்யா. கிளப் தலைவர் அவர்தான். வண்டியும் அவருடையது.

மைசூரில் பழைய ஜாவா வைத்திருந்தவர்கள் கார்ப்ரேட்டரை ட்யூன் செய்ய ஷடாட்சரியைத் தவிர யாரிடமும் போவதில்லை. நேற்று கிளப் பயணத்தில் மடிகேரி வரை உத்தய்யா தன் வண்டியைத் தானே மெதுவாக ஓட்டினார். இடுப்பு வலிக்கிறது என்று அங்கே சாவியை ஷடாட்சரியிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். மலை இறங்கி, நேர்சாலையில் ஷடாட்சரி ஆக்ஸிலேட்டரை முறுக்கியபோது பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது.

வாசலில் வேப்பமரத்தடியில் கிளப்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கொடுமை பாரு. ஊருக்கெல்லாம் ட்யூன் பண்ண ஆளு, தன் கையால பண்ண வண்டியிலயே..."

"கண்ணு மங்கிடுச்சுய்யா அவருக்கு" என்றார் நஞ்சுண்டா. "கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் எறங்கற ஜெட்டை மாத்திப் போட்டிருப்பாரு. போன ஞாயித்துக்கிழமை கண்காட்சியில இதே வண்டி எப்படி முறுக்கியும் ஒரு பொட்டுப் புகை விடல. முதல் பரிசு!"

"விடுங்கப்பா" என்றார் உத்தய்யா. "தப்பு யாருக்கும் வரும். நான் மனசுல வச்சுக்கல."

உள்ளே நீலாம்பிகேயின் காதில் எல்லாம் விழுந்தது.

கண் மங்கியது உண்மைதான். ஜெட்டின் மேல் எள்ளைவிடச் சின்னதாகப் பொறித்திருக்கும் எண்ணை அவருக்குப் பல வருடமாகப் படித்துச் சொன்னவள் அவள். இரண்டு வாரத்துக்கு முன் இந்த வண்டிக்கும் அப்படித்தான். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பித்தளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு என்றாள். "நல்லாப் பாத்தியா? மலைக்குக் கீழ போனா காத்து கனக்கும், பெட்ரோல் கூடுதலா எறங்கணும், இல்லன்னா பிஸ்டன் சூடாகி இறுகிடும்" என்று மூன்று முறை கேட்டார். அவள் முறைத்ததும் சிரித்தார். "என்ன பண்றது, என் கண்ணு உன் மூஞ்சியில இருக்கே!"

தொண்ணூற்றிரண்டு போட்டு முறுக்கினால் கொஞ்சமாவது புகைவிடும். எண் குறைந்தால்தான் பெட்ரோல் குறைந்து புகையும் நிற்கும்.

"பாவா, இங்க வந்து பிடிச்சுக்கோங்க." கணவரின் அண்ணன் மடிவாளய்யாவிடம் கழுத்தை ஒப்படைத்தாள். அலமாரியிலிருந்து அவருடைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வண்டியருகே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நீலா! சாவு வீட்ல இது என்ன வேலை? ஊரே பாக்குது."

"பாக்கட்டும்னுதான் பாவா."

உத்தய்யா வேகமாக வந்தார். "வேணாம்மா. கையெல்லாம் பெட்ரோல் ஆயிடும்."

"எனக்குப் பழக்கம்தான்."

பெட்ரோல் குழாயை மூடினாள். கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். தேங்கியிருந்தது முழங்கை வரை வழிந்தது. உள்ளேயிருந்த ஜெட்டைத் திருகி எடுத்துப் புடவையில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். என்ன எண் என்று சொல்லவில்லை. எழுந்துபோய் நஞ்சுண்டாவிடம் நீட்டினாள்.

"உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கில்ல? படிங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எண்பத்தஞ்சு."

"அவரு போட்டது தொண்ணூத்திரண்டு. படிச்சுக் குடுத்தது நான். பக்கத்துல இருக்கறவருக்குக் குடுங்க."

"எண்பத்தஞ்சு" என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். கடைசியில் அது உத்தய்யாவின் கைக்கு வந்தது.

"உள்ள போய்ப் பேசலாம்மா."

"இங்கயே படிங்க."

அவர் ஜெட்டைப் பார்க்கவேயில்லை. "எண்பத்தஞ்சு."

"யாரு போட்டது?"

"புகை வந்தா நடுவருங்க மார்க் குறைப்பாங்க... ஒரு நாளைக்குத்தானேன்னு போட்டேன். திரும்ப மாத்தணும்னுதான் இருந்தேன். மறந்தே போச்சு."

"மறந்தீங்க. சரி. மனசுல வச்சுக்கலன்னீங்களே, அது யாரோட தப்பை?"

உத்தய்யா ஜெட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நீலா, போதும்மா" என்றார் மடிவாளய்யா உள்ளிருந்து.

"போதாது பாவா. மண்ணுல வைக்கறதுக்கு முன்னாடி இவரு சொல்லணும். அவரு கை தப்பலன்னு."

"தப்பல" என்றார் உத்தய்யா.

"கேட்டுக்குப் பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"ஷடாட்சரி கை தப்பல. நான்தான் மாத்தினேன்."

அவர் ஜெட்டைத் திருப்பி நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. உள்ளே போய், மடிவாளய்யாவின் இடத்தில் நின்று கழுத்தைத் தாங்கிக்கொண்டாள்.

ஊர்வலம் கிளம்பியபோது வண்டியை யாரும் தொடவில்லை.

குழிக்குள் ஷடாட்சரியை வடக்கு பார்க்க உட்காரவைத்தார்கள். பூசாரி ஜங்கமர் மந்திரம் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக விபூதியும் வில்வமும் போட்டார்கள். உத்தய்யாவின் முறை வந்தது. அவர் இடது கையால் வில்வத்தை எடுத்தார்.

"வலது கைங்க" என்றார் ஜங்கமர்.

உத்தய்யாவின் வலது கை அந்த ஜெட்டைப் பிடித்தபடி மூடியிருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. எடுத்த இலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டார்.