கரோவ் வழக்கு

சவப்பெட்டியை இறக்கும் கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டு ஆட்கள் காத்து நின்றார்கள். பேராசிரியர் குருயிச் இரங்கல் உரையை முடிப்பதாக இல்லை. ஈர மண் காலணியில் ஒட்டாதபடி ஒரு பலகையின் மேல் ஏறி நின்று, செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் எதிர்காலத்தை நோவிசாத் நகரத்துக் கல்லறைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் இறந்தவனை நெமான்யா என்றார். அவன் பெயர் நெனாத். ஆறு வருடம் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவன்.

ரட்மிலா தம்பியின் பெட்டியைப் பார்க்காமல் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள் ஆய்வின் சிகரம் மூன்றாம் அத்தியாயம்," என்றார் குருயிச். "ஒருவருக்கு வங்கிக் கடனை இயந்திரம் மறுத்தால் யார் பொறுப்பு? கரோவ் வழக்கின் தீர்ப்பை நாங்கள் கண்டெடுத்த பிறகு அதற்கு விடை கிடைத்துவிட்டது."

காது மந்தமான அப்பா அவள் கையை இழுத்தார். "ஏம்மா, நம்ம நாயப் பத்தி எதுக்குப் பேசுறான்?"

"சும்மா இருங்கப்பா."

"கரோவ் செத்து எத்தன வருஷமாச்சு! அதுக்கும் சேத்தா பிரசங்கம் பண்றான்?"

கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவன் இருமிச் சமாளித்தான்.

கரோவ் அவர்கள் வீட்டில் வளர்ந்த கறுப்பு நாய். அப்படி ஒரு வழக்கு எந்த நீதிமன்றத்திலும் நடந்ததில்லை, நெனாத் இட்டுக்கட்டியது. தீர்ப்பு மாதிரித் தோற்றமளிக்கும் எதையும், இயந்திரத்தைப் போலவே படித்தவர்களும் சரிபார்க்காமல் விழுங்குவார்கள் என்று காட்டுவதற்காக அதை மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தான். நான்காவதில் அவனே அந்தக் குட்டை உடைப்பதாக ஏற்பாடு. மூன்றாவதைப் பார்த்த பேராசிரியர் 'பிரமாதம்' என்று பதில் அனுப்பியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மனுஷன் மேற்பார்வை இல்லாம இயந்திரத்த நம்பாதீங்கன்னு ஊர் ஊராப் போய்ப் பேசுற ஆளு இவரு, அக்கா! கடைசில நம்ம கரோவ்கிட்ட கடி வாங்கிட்டாரு."

சிரிப்பு வலியில் போய் முடிந்தது. நான்காவதை மூக்கில் குழாயோடுதான் எழுதினான். "இத மட்டும் யாராவது படிக்கணும்க்கா," என்றான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை விரத நாளாதலால் இறைச்சி கிடையாது. மீன் சூப்பும் ரொட்டியும். குருயிச் ரட்மிலாவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முதல் தட்டை முடிக்கும்வரை துக்கமாகவே இருந்தார்.

"இந்த நேரத்துல கேக்குறது தப்புதாம்மா," என்றார். தப்பு என்று தெரிந்தும் கூசாத குரல். "நெனாதோட கம்ப்யூட்டர்ல நாலாவது அத்தியாயம் இருக்குமே? அறிவுலகத்துக்கு அது நஷ்டமாயிடக் கூடாது."

"அச்சாகும்போது யார் பேர் சார் இருக்கும்?"

"என் பேர்தாம்மா. வேற வழியில்ல. எழுதினவர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். செத்தவங்க போட முடியாதே." வருத்தத்தோடு ரொட்டியைப் பிட்டார். "கீழ சின்ன எழுத்துல நன்றின்னு போட்டுடலாம்."

நெனாத் பெயரில்தான் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரட்மிலா எழுந்து போய்க் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். கரோவ் யார் என்பதையும் சொல்லியிருப்பாள். அப்போதும் மனசு கேட்காமல் இன்னொரு முறை முயன்றாள்.

"மூணாவது அத்தியாயத்த நீங்க சரிபாத்தீங்கல்ல சார்?"

"வரிக்கு வரி."

"அந்தத் தீர்ப்பையும்?"

"மூலத்தையே வரவழைச்சுப் படிச்சேன்மா. அருமையான நீதிபதி. என்ன நடை!"

ரட்மிலா அவர் முகத்தையே பார்த்தாள். தாடியில் ஒரு ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"நாலாவது அவன் எழுதவேயில்ல சார். முடியாமப் போச்சு."

"அடடா." ஆனால் முகம் தெளிந்துவிட்டது. "பரவால்ல, மூணாவது ஒண்ணே போதும். திங்கக்கிழமையே பத்திரிகைக்கு அனுப்பிடுறேன்."

"அவன் பேர் எங்கயும் வேண்டாம் சார். நன்றிகூட வேண்டாம். அவனுக்கு விளம்பரம் பிடிக்காது."

குருயிச் நெகிழ்ந்துபோனார். அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நல்ல குடும்பம்மா உங்க குடும்பம்," என்றார். பிறகு தட்டை நீட்டினார். அவள் நிறைய ஊற்றினாள்.

உள்ளறையில் நெனாதின் கட்டில் மேல் வந்தவர்களுடைய கோட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. கம்ப்யூட்டர் எங்கோ அடியில் கிடந்தது. வாசல்வரை போய் அந்தக் குவியலைப் பார்த்து நின்றவள், உள்ளே போகாமல் திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தாளு என்ன கேட்டான்?" என்றார் அப்பா, மேஜை முழுக்கக் கேட்கும்படி.

"இன்னும் கொஞ்சம் சூப் கேட்டாருப்பா."

"குடுத்தியா?"

அவள் அப்பாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனைப் பிரித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைக்கத் தொடங்கினாள்.