நாக்கில் ஒட்டும் கல்

பாறையியல் ஆசிரியை கல்லூரி நூலகத்தின் மேற்குச் சுவரில் நாக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பதிவாளர் வந்து பின்னால் நின்றார். அவள் நிமிர்ந்தாள், வெட்கப்படவில்லை. அவள் துறைக்காரர்களுக்கு அது பழக்கம்தான். நுண்ணிய துளைகள் உள்ள கல் காய்ந்திருந்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். ஈரமாக இருந்தால் விட்டுவிடும். நின்ற இடத்திலேயே தெரிந்துகொள்ள அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

"என்னம்மா, நம்ம கேண்டீன் சாப்பாடு அவ்வளவு மோசமா?" என்றார் பதிவாளர்.

"கல்லு இன்னும் ஈரமா இருக்கு சார். மழை விட்டு எவ்வளவு நாளாச்சு!"

"அதனாலதானே மொத்தமா மூடப்போறோம். கிரானைட் பலகை வருது. காலேஜ் திறக்கறதுக்குள்ள ஒட்டிடுவாங்க. மாணவன் தலையில கல்லு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சுவர் உதிர்வது உண்மைதான். கையால் தடவினால் மாவு போல் கொட்டியது. போன மாதம் கையகலச் சில்லு ஒன்று சைக்கிள் நிறுத்துமிடத்தில் விழுந்திருந்தது. கல் மக்கிப் போய்விட்டது என்பது வளாகத்தில் எல்லோரும் சொன்ன தீர்ப்பு.

அவளுக்கு அந்தத் தீர்ப்பு பொறுக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் குளம் என்று சொல்லப்படுகிற பள்ளம் உண்மையில் கல் வெட்டிய குழி. அங்கே எடுத்த மணற்கல்தான் நூலகமாக நிற்கிறது. தேன் நிறக் கல். ஒவ்வொன்றிலும் சாய்வான கோடுகள். என்றோ ஓடிய ஆறு மணலைக் கொண்டுவந்து சாய்த்த தடம் அது. முதலாண்டு மாணவர்களுக்கு அவள் எடுக்கும் முதல் பாடம் வகுப்பறையில் நடக்காது. கேண்டீன் வாசலின் பலகைக்கல் பெஞ்சு, அலுவலகத்தின் கருங்கல் படி என்று நடத்திக் கூட்டிவந்து, கடைசியில் இந்தச் சுவரின் முன்னால் நிறுத்துவாள். "நீங்க சாய்ஞ்சு நின்னு போன் பேசறீங்களே, அது ஒரு ஆறு" என்பாள். அந்த ஆற்றின் மேல் பளபளவென்று பலகை ஒட்டப் போகிறார்கள்.

குற்றம் கல்லில் இல்லை, கற்களுக்கு இடையே அடைத்த சிமெண்டில் என்பது அவள் கட்சி. சிமெண்டு கல்லைவிடக் கடினம். உள்ளே போன தண்ணீர் அதன் வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வெளியேறுகிறது. போகும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகிறது.

இதைச் சொல்வதில் ஒரே ஒரு சங்கடம். சில வருடங்களுக்கு முன் அந்தச் சிமெண்டை அடைக்கச் சொன்ன கட்டடப் பிரிவு இன்ஜினியர், அவளுடைய வீட்டுக்காரர்.

"உறுதியா இருக்கணும்னுதானே போட்டேன்" என்றார் அவர், சாப்பிடும்போது.

"கல்லைவிட உறுதியாப் போட்டுட்டீங்க. அதுதான் வினையாப் போச்சு."

"அப்ப நான் கமிட்டியில போயி, என் பொண்டாட்டி சொல்றா, நான் பண்ணது தப்புன்னு சொல்லவா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. சுவரே சொல்லும். ஒரு கதவளவு இடம் மட்டும் குடுங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "கொத்தனாரையும் அனுப்பறேன். ஆனா பலகை வந்து இறங்கற அன்னிக்கு நீ காட்டறதுக்கு ஒண்ணும் இல்லன்னா, நான் குறுக்க விழமாட்டேன்."

"விழ வேணாம். ஓரமா நின்னா போதும்."

கொத்தனார் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார். சில நாளில் அந்த இடத்துக் கல் வெளுத்துக் காய்ந்தது. நாக்கை வைத்தாள், வெடுக்கென்று பிடித்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாவரத் தோட்டத்து ஓடையில் அள்ளிய மணலைச் சலித்து, ஈரத்தை வெளியே விடும் நீற்றிய சுண்ணாம்போடு குழைத்து, அன்றைக்கே இடுக்குகளில் அடைக்கச் செய்தாள்.

மறுநாள் காலை சாந்து முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. கொத்தனார் ஒரு விரலால் நோண்டினார், பொலபொலவென்று கொட்டியது.

"டீச்சரம்மா, இது சாந்தா பல்லுப்பொடியா?"

வீட்டுக்காரரும் வந்து பார்த்தார். பலகை வர இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் உதிர்ந்த பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாக்கைப் பிடித்த கல் சாந்தை மட்டும் சும்மா விடுமா? தாகத்தோடு இருந்த கல், சாந்தில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டது. வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தன் நாக்கிலேயே வாங்கிக்கொண்டு, கல் காய்ந்துவிட்டதே என்று குதித்திருக்கிறாள்.

"எடுங்க எல்லாத்தையும்" என்றாள் எழுந்து. "மறுபடி அடைப்போம்."

"மறுபடியுமா?"

"சுவருக்கு முதல்ல தண்ணி காட்டிட்டு."

இந்த முறை கல் போதும் போதும் என்னும்வரை நனைத்தார்கள். சாந்தை அழுத்தி அடைத்து, சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார்கள். சாக்கு காயக் காய அவளே வந்து தண்ணீர் தெளித்தாள். விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த வளாகத்தில் வாளியும் கையுமாக. "குழந்தைக்குக்கூட இப்படிப் பார்க்கமாட்டாங்க" என்றார் கொத்தனார். ஆனால் அவள் வராத வேளையில் சாக்கை நனைத்தது அவர்தான்.

சாந்து இறுகியது. வெடிக்கவில்லை. பலகை வருவதற்கு முந்தின நாள் காலை, பழைய சிமெண்டுப் பகுதியிலும் புதிய பகுதியிலும் ஒரே அளவாகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பலகை ஏற்றிய லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பதிவாளரும் இன்ஜினியரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள். சிமெண்டுப் பகுதி கறுத்துக் கிடந்தது. கதவளவு இடம் மட்டும் தேன் நிறத்தில் வெளுத்திருந்தது.

பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். "அங்க வெயில் கொஞ்சம் கூடப் பட்டிருக்கும். நிறத்தை வச்சு எப்படிம்மா முடிவு பண்றது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு குனிந்து, சிமெண்டுப் பக்கத்துக் கல்லில் நாக்கை வைத்தார். சும்மா வந்தது. நகர்ந்து, சுண்ணாம்புப் பக்கத்தில் வைத்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படியே குனிந்தபடி நின்ற அவருடைய காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். கொத்தனார் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காய்ஞ்சிருக்கு சார்" என்றார் இன்ஜினியர், வாயைத் துடைத்துக்கொண்டு. "நல்லாக் காய்ஞ்சிருக்கு. கல்லு மேல தப்பு இல்ல. பலகைய ஒட்டினா உள்ள இருக்கற தண்ணி உள்ளேயே கிடந்து மொத்தச் சுவரையும் தின்னுடும். லாரியத் திருப்பி அனுப்பிடலாம்."

"அப்ப அந்தச் சிமெண்டை அடைக்கச் சொன்னது யாருய்யா?"

அவள் ஏதோ மழுப்பலாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"நான்தான் சார். எடுக்கப் போறதும் நான்தான்."

பதிவாளர் சுவரின் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். "இவ்வளவையுமா?"

"இவ்வளவையும்" என்றாள் அவள். கீழே கிடந்த உளியை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "முதல்ல நல்ல சட்டையக் கழட்டிட்டு வாங்க. துவைக்கப் போறது நான் இல்ல."