மூத்தவள் என்று மட்டுமே பொருள்

...கிழவனிலிருந்துதான் ஆரம்பமாம், ஆங்கில விரிவுரையாளர் பலகையில் எழுதியே காட்டினார், லத்தீனில் செனெக்ஸ் என்றால் கிழவன், அதிலிருந்து வந்தது சீனியர், இன்னும் கொஞ்சம் வயதானவர், அவ்வளவுதான், கெட்டிக்காரர் என்றோ நல்லவர் என்றோ அதற்குள் ஒன்றும் கிடையாதாம், விரிவுரையாளர்களை 'சேர்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததுதானாம்... ஷாமிலாவுக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை, கொட்டகலையில் ரயில் ஏறியதிலிருந்தே அசதி, இருபத்திரண்டு வயதில் இவ்வளவு அசதி வருமா? வயதுதான் கணக்கென்றால் அம்மாவல்லவா சீனியர், காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், நேற்று மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையா வாயைத் திறந்தால் அம்மாதான் ஒதுங்கி நிற்கிறாள்.

பக்கத்தில் ஜெனுஷா, கீழ் லயத்து றோசலின் அக்காவின் மகள், முதன்முதலாகக் கெம்பஸுக்குப் போகிறாள், பையை மடியில் கட்டிப்பிடித்தபடி. "நீ இருக்கேன்னுதான் தைரியமா அனுப்புறேன், பாத்துக்க ஷாமி" என்று றோசலின் அக்கா ஜன்னல் வழியே கையைப் பிடித்தபோது தலையாட்டியாகிவிட்டது, ஆட்டுவதற்கு என்ன, ஆட்டிவிடலாம்... ஹட்டனில் நிரஞ்சனும் மற்றவர்களும் ஏறுவார்கள், எல்லோரும் அவளுடைய பெட்ச், ஒரே வருஷத்தில் சேர்ந்தவர்கள், புதுப் பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் தீர்ந்தது. போன வருஷம் சீனியர்களின் பகிடிவதையில், அந்த ராகிங்கில், இரட்டைப் பின்னலோடு குனிந்து நின்றபோது, போதும் விடுங்கடா என்று ஒருவராவது சொல்லமாட்டாரா என்று எப்படி ஏங்கினாள், சொன்னது மேல் வருஷத்துத் தனுஷிகா அக்கா ஒருத்திதான், சொன்னதற்குக் கூலி? கென்டீனில் அக்கா உட்கார்ந்தால் மேசையே காலியாகும், நோட்ஸ் கொடுக்க நாதியில்லை, படிப்பை விட்டுவிட்டு நுவரெலியாவில் துணிக்கடையில் நிற்கிறாள். பயமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல, பயம்தான். ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? சொல்லிவிட வேண்டும், யார் ஏறினாலும் நீ என் பக்கத்திலேயே இரு என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், இதோ சுரங்கம் வருகிறது, இருட்டில் எப்படிச் சொல்வது, தாண்டட்டும்...

தாண்டியது. வெளிச்சம் வந்தபோது பக்கத்து இடம் காலி, ஜெனுஷா கதவோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன்டி அங்கே போய் நிற்கிறாய் என்று ஷாமிலா கேட்டாள்.

"சீனியருங்க பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு குரூப்ல போட்டிருந்தாங்கக்கா. என்னால ஒங்களுக்கு எதுக்கு கரைச்சல்."

வா, வந்து உட்காரு, இரண்டே சொல், சொல்லத்தான் போகிறாள், ரயில் வேகம் குறைகிறது, ஹட்டன் மேடையில் முகங்கள் தெரிகின்றன, இன்னும் நேரம் இருக்கிறது... காலியான இடத்துப் பக்கம் கால் தானாக நீண்டிருந்தது, எப்போது நீட்டினாள்? இதமாக இருந்தது. இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை, மடக்க வேண்டும் என்று நினைத்தாள், மடக்கவில்லை.